இரண்டு காசு கூடிய ரொட்டி

டொரண்டோ விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். எதற்காக வந்திருக்கிறீர்கள்? நண்பனைப் பார்க்க என்றேன். பொய்யில்லை. நண்பனிடம் ஒரு கையெழுத்து வாங்க வந்தேன் என்று முழு உண்மையையும் சொல்லியிருந்தால், எதற்குக் கையெழுத்து என்று கேட்டிருப்பார். ஒரு ரொட்டியின் விலையை இரண்டு காசு கூட்டிவிட்டோம் ஐயா, அதற்காக ஒரு பெண் சிறையில் இருக்கிறாள் என்று நான் சொல்ல வேண்டியிருக்கும். எனக்குக் காய்ச்சலா என்று விசாரித்திருப்பார்.

நான் மதுரைக்காரன். சோவியத் யூனியன் இருந்த காலத்தில் உதவித்தொகையில் ரொட்டித் தொழில்நுட்பம் படிக்கப் போனவன். படித்து முடிப்பதற்குள் யூனியன் உடைந்து, நான் படித்த ஊர் ஒரு தனி நாட்டுக்குத் தலைநகரம் ஆகிவிட்டது. அந்த நாட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. என் மனைவி நீனா அங்கேதான் இருக்கிறாள். நான் எழுதுகிற இந்தத் தாள்களையும் அங்கே கொண்டுபோக முடியாது. குகனிடம் விட்டுவிட்டுத்தான் போவேன்.

குகன்தான் நான் பார்க்க வந்த நண்பன். யாழ்ப்பாணத்துக்காரன். விடுதியில் ஐந்து வருடம் ஒரே அறை, ஒரே கரண்டி. படிப்பு முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து அந்தத் தலைநகரத்தில் ஒரு ரொட்டிக்கடை போட்டோம். ஆறு வருடத்துக்கு முன்னால், மூச்சு விடவும் அனுமதிச் சீட்டுக் கேட்கிற ஊரில் இனி இருக்க முடியாது என்று சொல்லிவிட்டு அவன் கனடாவுக்கு வந்துவிட்டான். கடையில் பாதி இன்னும் அவன் பெயரில்தான் இருக்கிறது.

அவன் விமான நிலையத்துக்கு வேலை உடுப்போடு வந்திருந்தான். “என்னடா மச்சான், ரொட்டி விக்கிறவன் இப்பிடி மெலிஞ்சு போனாய்?” என்றான். அவனும் பாதியாகத்தான் இருந்தான். கன்னம் ஒட்டி, தாடி நரைத்து, கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. வன்னியில் போர் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. காரில் வரும்போது அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை என்பதுதான் உண்மை.

டோர்செட் பார்க்கில் பதினோராவது மாடியில் அவன் வீடு. இடியப்பமும் சொதியும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்தான். பசியில் நான் எண்ணிக்கை பார்க்கவில்லை. சாப்பிட்டதும் ஹாலில் இருந்த சோஃபாவைக் காட்டி, இதில் படு என்றான். வீட்டில் இரண்டு படுக்கையறை. ஒன்று அவனுடையது. இன்னொன்று பூட்டியிருந்தது. ஐயாயிரம் மைல் தாண்டி வந்தவனுக்கு ஒரு கட்டில் கிடையாதா என்று எனக்குச் சுருக்கென்றது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அன்று தூங்கும் வரைக்கும் அதே கோபம்தான்.

மறுநாள் அவன் வேலைக்குப் போய்விட்டான். சாவியும் பஸ் டிக்கெட்டும் மேசையில் இருந்தன. லோறன்ஸ் வீதியில் கிழக்கே போகிற பஸ்ஸில் ஏறினேன். இறங்க வேண்டிய இடத்தில் பின்கதவுக்கு முன்னால் போய் நின்றேன். கதவு திறக்கும் என்று மரியாதையாகக் காத்திருந்தேன். திறக்கவில்லை. பஸ் கிளம்பிவிட்டது. அடுத்த நிறுத்தத்திலும் அப்படியே. மூன்றாவது நிறுத்தத்தில் ஒரு பள்ளிக்கூடப் பெண் என்னைத் தாண்டிக் கையை நீட்டிக் கதவைத் தள்ளினாள், திறந்துகொண்டது. பயணியே கதவைத் தள்ளித் திறக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நான் வாழும் ஊரில் அரசாங்கக் கதவைத் தொட்டால் அபராதம்.

இறங்கிய இடம் வோபர்ன். எதிரே ஒரு பிளாசா. அதில் ஒரு தமிழ் பேக்கரி. தொழில்காரனுக்குக் கால் தானாக உள்ளே போகும். சூடான மட்டன் ரோல்ஸ், கடலை வடை, மீன் வைத்த மாலுபாண். ஒரு ரோல்ஸை வாங்கி ஓரமாக நின்று தின்றேன். அப்போது கடைக்காரர் ஒரு தடித்த பேனாவை எடுத்து, பாண் என்று குகன் ஊரார் சொல்லும் ரொட்டியின் தட்டுக்கு மேலே இருந்த அட்டையில் பழைய விலையை அடித்துவிட்டுப் புதியதை எழுதினார். யாராவது பிடிக்க வருகிறார்களா என்று வாசலைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு கிழவர் அட்டையைப் படித்தார். “உதென்ன, திரும்பவும் கூட்டியாச்சோ?” என்றார். மாவு விலை ஏறிப்போச்சு அண்ணை என்றார் கடைக்காரர். கிழவர் முணுமுணுத்துக்கொண்டே ஒரு பாணை வாங்கிக்கொண்டு போனார். அவ்வளவுதான். ஒரு விலை கூடியது, ஒருவர் முணுமுணுத்தார், கதை முடிந்தது. மதுரையில் டீக்கடைகளிலும் இப்படித்தான் நடக்கும். இருபத்திரண்டு வருடத்தில் நான் மறந்துபோயிருந்தேன்.

ரொட்டிக்கடை இருக்கிற எங்கள் ஊரில் நடந்ததை இப்போது சொல்லிவிடுகிறேன்.

இந்தக் குளிர்காலத்தில் எங்கள் நாணயம் சரிந்தது. சம்பளம் அதேதான், வாங்கக்கூடியது பாதி. ஏன் சரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் அங்கே இல்லை. எங்கள் தலைவர் தொலைக்காட்சியில் தோன்றினார். மந்திரிகள் பள்ளிப் பிள்ளைகள் போல வரிசையாக எழுந்து நின்று குனிந்தபடி குறிப்பெடுத்தார்கள். ரொட்டி விலை ஏறுவதற்குக் காரணம் பேராசை பிடித்த கடைக்காரர்கள் என்று அவர் கண்டுபிடித்துச் சொன்னார். இனி ஒரு காசு ஏறக்கூடாது என்று ஆணை போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் கடையில் நின்று கைதட்டினேன், வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்களே.

ஆணை ரொட்டிக்குத்தான், மாவுக்கு இல்லை. மாவுக்கும் ஒரு விலை காகிதத்தில் இருந்தது. அந்த விலைக்கு அரசு ஆலையில் மாவு கிடையாது. ஆலைக்குப் பின்னால் போனால், இயக்குநரின் மைத்துனர் இரண்டு மடங்கு விலைக்கு அதே மூட்டையைத் தருவார், அரசு முத்திரையோடு. வேலியே பயிரை மேய்கிறது என்று இதைத்தானே நம்மூரில் சொல்வார்கள். சரி, ரொட்டியைச் சிறிதாக்கலாமா என்றால் ஆய்வாளர் தன் சொந்தத் தராசோடு வருகிறார். கடையை மூடலாமா என்றால் உற்பத்தியை நிறுத்துவது நாசவேலை, அதற்கும் சிறை. நஷ்டத்தில் நடத்து, சிரித்துக்கொண்டே நடத்து, சுவரில் அவர் படத்தை மாட்டிக்கொண்டு நடத்து. இதுதான் பொருளாதாரக் கொள்கை. இதற்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு துறையும் அதற்கு ஒரு பேராசிரியரும் இருக்கிறார்கள்.

இன்னும் கேளுங்கள். ரொட்டி தவிட்டை விட மலிவாகிப்போனதும் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்து சாக்குச் சாக்காக வாங்கிக்கொண்டு போனார்கள். பன்றிக்குப் போட. காலை பத்து மணிக்குள் கடை காலி, நகரத்தில் ரொட்டி இல்லை. உடனே பன்றிக்கு ரொட்டி போடுகிறவர்களுக்குத் தண்டனை என்று அடுத்த ஆணை வந்தது. பன்றி வளர்க்கிறவர்களின் தொட்டியைச் சோதிக்க ஒரு படை கிளம்பியது. சிரிப்பாகத்தான் இருக்கும், அங்கே வாழாதவர்களுக்கு.

எங்கள் தலைமை ரொட்டிக்காரியின் பெயர் லூபா. ஐம்பத்தெட்டு வயது, விதவை. மாவை விரலால் தொட்டு அது எந்த மாவட்டத்துக் கோதுமை என்று சொல்லிவிடுவாள். ஒரு காலை எங்கள் கடையில் கறுப்பு ரொட்டியின் விலைச்சீட்டில் இரண்டு காசு கூடியிருந்தது. மதியத்துக்குள் ஆய்வாளர் வந்துவிட்டார். கல்லாவுக்கு அருகில் நின்றது லூபா. யார் எழுதியது என்று கேட்டார். நான்தான் என்றாள். மூன்று நாள் கழித்து அவளை உள்ளே வைத்தார்கள். நீனா முதல் வேலையாக ஒரு ஜோடி கம்பளிக் காலுறையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எங்கள் ஊரில் சிறைக்குப் போகிறவர்களுக்கு எல்லோரும் முதலில் கொண்டுபோவது அதைத்தான். அந்தச் சிமெண்டுத் தரை கோடையிலும் சில்லிடும்.

பிறகு விசாரணை அதிகாரி என்னைக் கூப்பிட்டார். மரியாதையான மனிதர், தேநீர் கொடுத்தார். வெளிநாட்டுக்கு ஓடிப்போன உங்கள் பங்குதாரர், தான்தான் அங்கிருந்து உத்தரவிட்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் வழக்கு அவர் மேல் போய்விடும், கிழவி வீட்டுக்குப் போகலாம் என்றார். கையில் கிடைக்காத குற்றவாளியால் யாருக்கும் தொல்லையில்லை, மேலிடத்துக்கும் ஓர் எதிரி கிடைத்த மாதிரி இருக்கும் என்று அவரே விளக்கினார். அச்சடித்த தாள் ஒன்றைத் தந்தார். உத்தரவிட்டவர் என்று ஒரு காலி இடம், சாட்சி என்று இன்னொரு காலி இடம். நாட்டை விட்டுப் போய்வரப் பத்து நாள் அனுமதி, அதுவும் எனக்கு மட்டும். பதினோராம் நாள் லூபாவின் வழக்கு.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு பேக்கரியை விட்டு வெளியே வந்தேன். பிளாசாவின் மறுகோடியில் ஒரு நீண்ட வரிசை நின்றது. போய் அதன் கடைசியில் நின்றுகொண்டேன்.

ஏன் நின்றாய் என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் ஊர்க்காரர் யாரும் கேட்கமாட்டார்கள். அங்கே வரிசையைப் பார்த்தால் முதலில் நிற்க வேண்டும், என்ன தருகிறார்கள் என்று பிறகு விசாரிக்க வேண்டும். விசாரித்துவிட்டு நின்றால் முன்னால் இருபது பேர் சேர்ந்துவிடுவார்கள். நீனா ஒரு தடவை இப்படி நின்று இடது கால் பூட்ஸ் மட்டும் இரண்டு வாங்கி வந்திருக்கிறாள். கால் மணி நேரம் நின்ற பிறகுதான் இந்த வரிசையில் யாரிடமும் பை இல்லை என்பதைக் கவனித்தேன். யாரும் பேசவும் இல்லை. எல்லோர் கையிலும் புகைப்படங்கள் இருந்தன.

எனக்குப் பின்னால் நின்ற அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். வெயிலிலும் தடித்த ஜாக்கெட் போட்டிருந்தார். “உங்கட ஆக்கள் எவடம், தம்பி?” என்றார்.

மதுரை என்றேன்.

“மதுரையோ? அங்கயுமே ஆக்கள் துலைஞ்சவை?”

என்ன வரிசை என்று தெரியாமல் நின்றுவிட்டேன் என்று சொன்னேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் திட்டவில்லை. போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவர்களின் பெயரையும் முகாமில் இருக்கிறவர்களின் பெயரையும் உள்ளே பதிகிறார்கள் என்றார். தமையனின் மகன்கள் இரண்டு பேரைத் தான் பதிய வந்ததாகச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரிசையை விட்டு விலகப் போனேன்.

“நிக்கிறது நிக்கிறீங்கள், என்ர இடத்தையும் ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ. கால் உளையுது. உதில இருந்திட்டு வாறன்” என்றார்.

அப்படியாக எனக்கு ஒரு வேலை கிடைத்தது. ஒன்றரை மணி நேரம் அவருக்காக நின்றேன். வாசல் நெருங்கியதும் அவரைக் கூப்பிட்டேன். கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இங்கேயே பிறந்து வளர்ந்த ஓர் இளம்பெண் படிவங்களோடு இருந்தாள். பெயர், வயது, எந்த ஊர், கடைசியாக எங்கே பார்த்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். பிறகு, “ஹூ ஹாண்டட் தெம் ஓவர், அன்ரி? ஆர் கையளிச்சது?” என்றாள்.

“தாய்தான், பிள்ளை. பேரைப் பதிஞ்சிட்டு விடுறம் எண்டு ஆமிக்காரங்கள் சொன்னவங்கள். தாயே கையில பிடிச்சுக் கொண்டுபோய் விட்டவள்.”

அந்தப் பெண் தாய் என்று எழுதினாள்.  அந்தத் தாய் செய்த குற்றம் என்ன, சொன்னதை நம்பியதைத் தவிர? சொன்னவர்களின் பெயரை எழுத அந்தப் படிவத்தில் இடம் இருந்ததா என்று எட்டிப் பார்த்தேன். இடம் இல்லை. எனக்கு உறுத்தியது இன்னொன்று. லூபாவை விசாரணை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் விட்டது நான். என் காரில், முன் இருக்கையில் உட்கார வைத்து. ஒரே ஒரு கையெழுத்துதான், மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன்.

அன்று மாலை குகன் வந்ததும் பேசிவிட வேண்டும் என்று இருந்தேன். அவன் வந்து, குளித்து, தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தான். முள்கம்பிக்குப் பின்னால் ஜனங்கள் நிற்கிற படத்தைக் காட்டினார்கள். அவன் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் போய் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். நாளைக்குக் கதைப்பம் மச்சான் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டான்.

நாளைக்கு என்றவன் நான் எழுவதற்கு முன்பே போய்விட்டான். இரண்டு ஷிப்டாம். எனக்கு நாள் போய்க்கொண்டே இருந்தது. அவன் வேலை செய்கிற இடத்துக்கே போய்விடுவது என்று கிளம்பினேன். அது இருக்கும் பிறம்ரன் இதே ஊரின் இன்னொரு மூலை என்று நினைத்துவிட்டேன். மூன்று பஸ், ஒரு ரயில், மறுபடியும் ஒரு பஸ். கடைசி பஸ் என்னை இறக்கிவிட்ட இடத்தில் நடைபாதையே இல்லை. லாரிகள் மட்டும் போகும் சாலை. கண்ணுக்கெட்டிய தூரம் ஜன்னல் இல்லாத வெள்ளைக் கட்டடங்கள். புல்லில் நடந்து போனேன். ஒரு சீக்கிய லாரிக்காரர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டார். நடந்து வருகிறவனை இந்தப் பக்கம் பார்த்ததே இல்லை என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார்.

குகனை ஒரு கிடங்கின் பின்பக்கம் கண்டுபிடித்தேன். மஞ்சள் சட்டையும் இரும்பு முனை பூட்ஸும் போட்டு, பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். எங்கள் வகுப்பில் முதல் மாணவன் அவன். புளித்த மாவைப் பற்றி அவன் எழுதிய ஆய்வை நாங்கள் படித்த கல்லூரியில் இன்னும் பாடமாக வைத்திருக்கிறார்கள். அந்த நாடு அவனைத் துரத்தியது. இந்த நாடு உள்ளே விட்டது, அதற்கு நன்றி. ஆனால் ஆறு வருடமாக அவன் கையில் மாவு படவில்லை. கனடாவில் ரொட்டி சுட்ட அனுபவம் இருக்கிறதா என்று கேட்டார்களாம். கோதுமைக்குமா கடவுச்சீட்டு வேண்டும்?

சாப்பாட்டு நேரம் அரைமணி. கார் நிறுத்துமிடத்தில் ஒரு கட்டையில் உட்கார்ந்தோம். அவன் கொண்டுவந்த புட்டைப் பாதி எனக்குத் தந்தான். நான் தாளை எடுத்துக் கொடுத்தேன். அவன் மெல்லப் படித்தான். அந்த நாட்டின் மொழி அவனுக்கு என்னை விட நன்றாக வரும். முழுக்கப் படித்துவிட்டு மடித்தான்.

“விலையை எழுதினது ஆர்?”

லூபா ஒத்துக்கொண்டிருக்கிறாள் என்றேன்.

“அதில்லை நான் கேட்டது. லூபா மாவைத் தவிர வேற ஒண்டையும் தொடமாட்டாள். விலை எழுதிறது எப்பவும் உன்ர வேலை.”

லாரி ஒன்று பின்னால் வந்து நின்றது. அதன் பீப் சத்தம் அடங்கும் வரை எனக்கு நேரம் கிடைத்தது. நான்தான் எழுதினேன் என்றேன். அன்று காலை இயக்குநரின் மைத்துனரிடம் மாவு வாங்கிவிட்டு வந்த எரிச்சலில், இரண்டு காசுதானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று என் கையால் எழுதினேன். ஆய்வாளர் கேட்டபோது நான் அடுப்புக்குப் பக்கத்தில்தான் நின்றேன். நான்தான் என்று லூபா சொன்னதும் என் காதில் விழுந்தது. உங்களுக்குக் குடும்பம் இருக்கிறது, கிழவியை என்ன செய்துவிடுவார்கள் என்று அவள் பிறகு சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை. பயம். வேறு அழகான சொல் எதுவும் இதற்கு இல்லை. தலைவர் மேல் இத்தனை பக்கம் கோபப்பட்டேனே, அவருடைய ஆணைக்கு என் அளவுக்கு உபகாரம் செய்தவர் யார்?

குகன் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நீ கேட்டால் நான் சைன் வைப்பன், மச்சான். லூபா எனக்கும் சோறு போட்டவள். ஆனா ஒண்டைச் சொல்லிப்போட்டு வைக்கிறன். தங்கச்சியும் புருசனும் சண்டையின்ர கடைசிக் கிழமை முடிஞ்சு போச்சினம். அவையின்ர மகள் தர்சினி மட்டும் தப்பி முகாமுக்குள்ள நிக்கிறாள். பன்ரண்டு வயசு. அவளை இஞ்ச எடுக்கிறதுக்கு ஃபைல் போட்டிருக்கிறன். ஃபைல் முடியிறவரைக்கும் எந்த நாட்டிலயும் என்ர பேரில ஒரு கேசும் வரப்படாது எண்டு லோயர் சொன்னவர்.”

மணி அடித்தது. அவன் புட்டுப் பாத்திரத்தை மூடினான். வீட்டில் வைத்து சைன் பண்ணித் தாறன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். தாள் அவன் சட்டைப் பையில் இருந்தது.

நான் எப்படித் திரும்பி வந்தேன் என்பது நினைவில்லை. பஸ்ஸில் கதவை நானே தள்ளி இறங்கியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அன்று பூட்டியிருந்த அறையின் கதவு திறந்திருந்தது. காலையில் அவசரத்தில் விட்டுப் போயிருப்பான் போல. உள்ளே ஒரு புதுக் கட்டில். பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தை. இளஞ்சிவப்பில் ஒரு போர்வை, மேசை விளக்கு, விலைச்சீட்டு கிழிக்காத ஒரு பள்ளிக்கூடப் பை. இந்தக் கட்டிலில் படுக்க விடவில்லை என்றுதான் முதல் நாள் நான் கோபித்துக்கொண்டேன். கதவைச் சாத்திவிட்டு வந்து சோஃபாவில் உட்கார்ந்தேன்.

ஒரு கிழவி சிமெண்டுத் தரையில் இருக்கிறாள், ஒரு சிறுமி முள்கம்பிக்குள் இருக்கிறாள். ரொட்டியின் விலையைத் தன் பேனாவால் நிறுத்திவிடலாம் என்று நம்பிய ஒரு மனிதர், எங்கோ கடல் தாண்டி இருக்கிற அந்தச் சிறுமியின் தலையிலும் கை வைத்துவிட்டார். அவருக்கு இது தெரியாது, தெரிந்தாலும் கவலை இல்லை. இந்த இரண்டு பேரில் யாரை விடுவது என்று நானும் குகனும் உட்கார்ந்து யோசிக்க வேண்டுமாம். இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு அந்த அதிகாரிக்கு யார் உரிமை கொடுத்தது? இதற்கு விடை தேடி ஐயாயிரம் மைல் பறந்து வந்தேனே, எனக்குத்தான் என்ன மதி? விடை என் கடையிலேயே, என் கையிலேயே இருந்தது.

மாலையில் குகன் வந்தான். மேசையில் உட்கார்ந்து தாளை விரித்து, பேனாவைத் திறந்தான். அவன் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டேன். நாளைக்கு முத்திரை போடுகிற நொத்தாரிசு ஒருவரிடம் போகலாம், அவருக்கு முன்னால் போடுவோம் என்று மட்டும் சொன்னேன்.

நொத்தாரிசு வோபர்னில் ஒரு வரி அலுவலகத்துக்கு மேல் மாடியில் இருந்தார். தமிழ்ப் பெண், சுறுசுறுப்பானவர். கையெழுத்துப் போடுகிறவர் யார், அடையாள அட்டை கொடுங்கள் என்றார். குகன் பணப்பையை எடுத்தான். நான் என் கடவுச்சீட்டை மேசையில் வைத்தேன். உத்தரவிட்டவர் என்ற காலி இடத்தில் என் பெயரை எழுதினேன். விலைச்சீட்டு எழுதுகிற அதே கையெழுத்தில், தெளிவாக. கீழே, விலையை எழுதியதும் நானே, லூபாவுக்கு அதில் பங்கில்லை என்று அந்த மொழியில் நான்கு வரி சேர்த்தேன்.

குகன் என் மணிக்கட்டைப் பிடித்தான். “விசரே உனக்கு? இதோட அங்க போய் இறங்கினால் உன்னை விடமாட்டாங்கள்.”

தெரியும்டா என்றேன். அப்போ போகாதை, இஞ்சயே நில் என்றான். நீனா அங்கே இருக்கிறாளே என்றேன். அவன் கையை எடுத்துக்கொண்டான். நொத்தாரிசு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தாளில் என்ன இருக்கிறது என்று கேட்டார், சொன்னேன். ஒரு வக்கீலைக் கேட்காமல் இப்படிச் சைன் வைக்கக் கூடாது என்று நல்ல மனதோடு சொன்னார். எங்கள் ஊரில் வக்கீலையும் அடுத்த வாரம் பிடித்துக்கொண்டு போவார்கள் அம்மா என்றேன். அவர் தாளை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்தார்.

சாட்சி என்ற இடத்தில் குகன் கையெழுத்துப் போட்டான். சாட்சிக்காரன் மேல் வழக்கு வராது, நொத்தாரிசிடமே கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். இரண்டு பிரதி. ஒன்று என்னோடு வரும். ஒன்று குகனிடம் இருக்கும். பெயரை அழித்துவிட்டு மறுபடியும் லூபாவின் பெயரை எழுதினார்கள் என்றால் காட்ட ஒன்று வேண்டுமே. லூபாவை விடுவார்களா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. இந்தத் தாள் காலியாக இருக்கும் வரை விடமாட்டார்கள் என்பது மட்டும் தெரியும்.

திரும்பும் வழியில் அதே பேக்கரியில் ஒரு பாண் வாங்கினான் குகன். காரில் உட்கார்ந்து அதைப் பிய்த்து முகர்ந்து பார்த்தான். புளிக்க விட்ட நேரம் போதாது மச்சான் என்றான். நானும் முகர்ந்து பார்த்தேன். போதாதுதான். ஆறு வருடத்துக்குப் பிறகு இரண்டு பேரும் தொழில் பேசினோம், வீடு வந்து சேரும் வரை.

இன்று காலை நீனாவுக்குத் தொலைபேசினேன். எங்கள் தொலைபேசியை இன்னும் யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள் என்பதால் நாங்கள் எப்போதும் வானிலையைத்தான் பேசுவோம். இங்கே நல்ல வெயில் என்றேன். அங்கேயும் நல்ல வெயில், லைலாக் பூத்துவிட்டது என்றாள். கையெழுத்துக் கிடைத்துவிட்டது என்றேன்.

“யாருடையது?” என்றாள்.

குகன் சாட்சியின் இடத்தில் போட்டிருக்கிறான் என்றேன். மறுமுனையில் குழாயில் தண்ணீர் ஓடுவது மட்டும் கேட்டது. பிறகு அதை நிறுத்தினாள்.

“வியாழக்கிழமைதானே வருகிறாய்?” என்றாள். “உன் கம்பளிக் காலுறைகளை எடுத்து வெயிலில் போட்டு வைக்கிறேன்.”

சரி என்றேன்.